அம்பாசடர் குறை சொல்லாத தரை

டாக்குரியா, கொல்கத்தா
லக்ஷ்மி பூஜைக்கு முந்தைய நாள்

திருச்சி கே.கே. நகரில் ஜன்னலோரம் வீற்றிருந்து தெருவை ஆட்சி செய்துவரும், வயதில் கொஞ்சமும் வாயில் நிறையவும் மூத்த, மகாகனம் பொருந்திய அக்கா சுப்ரியா அவர்களின் சமுகத்துக்குத் தங்கை மேக்னா பிஜொயா நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். தரை நலமில்லை. அங்கே அம்மாவின் தைராய்டு, அப்பாவின் புது மூக்குக்கண்ணாடி, உன் சக்கர நாற்காலியின் கிறீச்சிடும் இடது பிரேக் ஆகியவற்றின் நலம் அறிய ஆவல்.

தசமி முடிந்ததும் பெரியவர்களுக்கெல்லாம் நமஸ்காரம் எழுதிப் போட வேண்டும் என்பதை இந்த ஊர்தான் நமக்குப் பழக்கியது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து, நாம் இங்கே போர்ட் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, அவர் நம் இருவரையும் உட்கார்த்தி வைத்து இன்லண்ட் லெட்டரில் எழுதச் சொல்வார். நீ உன் பங்கையும் என் தலையில் கட்டிவிடுவாய். எனக்குக் கை பழகியது அப்படித்தான். போனில் சொன்னால் போதாதா என்பாய். போனை எடுத்தவுடன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ரசத்துக்குத் தாளிக்கிறாள். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே எனக்கு மனசில் இருப்பது எதுவும் வாயில் வருவதில்லை. மேலும், துர்கா பூஜைக்கு வர வேண்டாம் என்று நான் சொன்ன அன்று நீ "சரி" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டாய். உன் வாயிலிருந்து ஒற்றைச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு நாம் பேசியதெல்லாம் அங்கே வெயில், இங்கே மழை என்பதோடு சரி. ஆகவே நடந்தது அத்தனையையும் முதலிலிருந்து எழுதுகிறேன். நீ குறுக்கே பேச முடியாது என்பது கடிதத்தில் உள்ள ஒரு வசதி.

இந்த வீட்டை நான் எப்படிப் பிடித்தேன் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. என் ஆபீஸ் இருக்கும் நியூ டவுன் பக்கம் லிஃப்ட் வைத்த உயரமான கட்டடங்கள் நிறைய உண்டு. ஆனால் அங்கே பன்னிரண்டாம் மாடி ஜன்னலைத் திறந்தால் தெரிவது இன்னொரு பன்னிரண்டாம் மாடி. நீ பார்க்க வேண்டும் என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது அதை அல்ல. ஏரிக்கரையை, நாம் வளர்ந்த தெற்குப் பக்கத்தை, பூஜை நாட்களில் நடக்கவே இடமில்லாத அந்தத் தெருக்களை. தெற்குப் பக்கத்துப் பழைய வீடுகளில் லிஃப்ட் கிடையாது. இருந்தால் அந்த லிஃப்டுக்குப் போக நாலு படி ஏற வேண்டும். டாலிகஞ்சில் ஒரு தரகர் "கிரவுண்ட் ஃப்ளோர், படியே இல்லை" என்று சத்தியம் செய்து கூட்டிப்போனார். வாசலில் மூன்று படிகள் இருந்தன. "இது என்ன?" என்று கேட்டேன். "இது படி இல்ல தீதி, இது வாசல்" என்றார். எனக்கு நம் பெரியப்பா மகன் விவேக்கின் கல்யாணம் ஞாபகம் வந்தது. மண்டபத்து வாசலில் நாலு ஆண்கள் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நாற்காலியோடு தூக்கினார்கள். "பல்லக்கு சரி, நாயனக்காரர் எங்கே?" என்று நீ மேலேயிருந்து கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு, தூக்கித்தான் உள்ளே கொண்டுபோக முடியும் என்கிற எந்த வீட்டுக்கும் நீ போகவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். எனவே எனக்கு வீட்டில் வேண்டியது ஒரே ஒரு வசதி. நீ வந்தால், யாரையும் கூப்பிடாமல், தெருவிலிருந்து நேரே உள்ளே வந்துவிட வேண்டும்.

அப்போதுதான் மாஷிமாவின் கராஜ் அகப்பட்டது. மாஷிமா என் வீட்டுக்காரம்மா; மாடியில் தனியாக இருக்கிறார். கீழே அவருடைய காலஞ்சென்ற கணவரின் அம்பாசடர் நின்ற இடம்; காரை விற்றுவிட்டு, பின்னால் இருந்த டிரைவர் அறையையும் சேர்த்துக் குடியிருக்கும் இடமாக மாற்றியிருக்கிறார். சக்கரத்துக்காகவே கட்டிய இடத்தைவிட உனக்குப் பொருத்தமாக வேறு என்ன இருக்க முடியும் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. டேப் வைத்து வாசலின் அகலத்தை அளந்தேன். சமையலறைக் கதவை அளந்தேன். பாத்ரூம் கதவை இரண்டு தடவை அளந்தேன். மாஷிமா "தையல்காரியா நீ?" என்று கேட்டார். அளக்காமல் விட்டது தரையை. தரை என்றால் தட்டையாகத்தான் இருக்கும் என்று பிறந்ததிலிருந்து நம்பி வந்தவள் நான்; இவ்வளவு புத்தகம் படித்தும் அதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

தரையின் வரலாறு இது. முன்பகுதி, கார் கழுவிய தண்ணீர் தெருவுக்கு ஓடுவதற்காக, கேட்டைப் பார்த்து வாட்டம் வைத்துக் கட்டியது. நடுவில், மெக்கானிக் இறங்கி நின்று காரின் வயிற்றைப் பார்க்கும் குழி ஒன்று இருந்திருக்கிறது. அதை மண் போட்டு மூடி மேலே சிமென்ட் பூசியிருக்கிறார்கள். மண் தன் சௌகரியத்துக்கு உள்ளே இறங்கி, இன்று அந்த இடம் ஒரு பெரிய தாம்பாளம். தாம்பாளத்தைத் தாண்டினால் டிரைவர் அறை, ஒரு படி உயரம்; அதுதான் சமையலறை. அதற்குப் பின்னால் பாத்ரூம். கழிவுக் குழாய் தரைக்கு மேலேயே ஓடுவதால் பாத்ரூமை அதற்கும் மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு படி ஏறிக் கதவைத் திறந்தால் கமோடு சிம்மாசனம் மாதிரி வீற்றிருக்கும். முதல் நாளே மாஷிமாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"தரை கொஞ்சம் மேலும் கீழுமா இருக்கு, மாஷிமா."

"ஏற்ற இறக்கம் எந்த வீட்ல இல்ல? எங்க அம்பாசடர் இருபத்தஞ்சு வருஷம் அங்கதான் நின்னுது. ஒரு நாள் குறை சொல்லல."

அம்பாசடர் பொறுத்ததை நானும் பொறுத்துப் பார்த்தேன். தக்காளி கையிலிருந்து நழுவினால் கேட்டுக்குப் போய்த்தான் நிற்கும். அடுப்பு மேடையாவது நேராக இருக்கும் என்று நினைத்தேன். கல்லில் மாவை ஊற்றினால் அது ஒரு பக்கமாகப் போய்ச் சேர்ந்து, பாதி ஊத்தப்பமும் பாதி பேப்பர் ரோஸ்ட்டுமாக வருகிறது. மேஜைக் கால்களுக்கு அடியில் புத்தகங்களைக் கொடுத்தேன். படித்து முடித்தவை இரண்டு, இனிமேல் படிக்கப் போவதில்லை என்று எனக்கு நானே ஒப்புக்கொண்டது ஒன்று. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் என் ஆபீஸ் நாற்காலி, அதற்கும் சக்கரம் உண்டே, மீட்டிங் நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரும். திரையில் என் முகம் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்து மேனேஜர், "மேக்னா, எங்கே போயிண்டிருக்கே?" என்று கேட்டார். அவர் பாலக்காட்டுக்காரர். "எங்கேயும் இல்லை சார், கேட் வரைக்கும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மீட்டிங் முடிந்து லாப்டாப்பை மூடியதும் வீடு அமைதியாகிவிட்டது. வேடிக்கையான விஷயம் நடந்து, அதைத் திரும்பிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாதபோது, அது பாதியிலேயே நின்றுவிடுகிறது. நீ இருந்திருந்தால் தக்காளிகளைப் பந்தயத்துக்கு விட்டிருப்பாய். ஜெயிப்பதற்காக நல்ல உருண்டையானதை முன்னாலேயே எடுத்து ஒளித்தும் வைத்திருப்பாய்.

ஆகஸ்ட் மாதத்தில் கொத்தனார் ஹாராதன் மிஸ்திரியைக் கூப்பிட்டேன். முன்பகுதியை நிரப்பிச் சமையலறை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்றார். மட்டம் பார்க்க அவரிடம் தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் டியூப் ஒன்று இருந்தது. ஒரு முனையை அவர் கேட்டருகே பிடித்துக்கொண்டார், மறு முனையை நான் சமையலறை வாசலில் பிடித்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் உயரத்தில் சுவரில் கோடு போட வேண்டும். "தண்ணி பொய் சொல்லாது தீதி" என்றார். இந்த நேரத்தில் மாஷிமா டீயோடு இறங்கி வந்து, பிரம்பு முக்காலி ஒன்றை நடுவில் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலத்தில் டாக்குரியாவில் வீடு கட்டியவர்கள் எல்லாரும் எப்பேர்ப்பட்டவர்கள் என்று ஆரம்பித்தார். ஹாராதனும் டீயை வாங்கிக்கொண்டு, அவர்களில் யார் யார் சிமென்ட்டில் ஏமாற்றினார்கள் என்று எடுத்துக்கொடுத்தார். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். கதை நன்றாகத்தான் இருந்தது. கோடு போட்டோம். முக்காலியின் கால் டியூபை நசுக்கித் தண்ணீரை ஓடவிடாமல் உட்கார்ந்திருந்ததை மூன்று பேரும் பார்க்கவில்லை. கலவை கொட்டி, தேய்த்து, காய்ந்து, அழகாக வந்தது தரை. வாட்டம் மட்டும் திசை மாறிவிட்டது. முன்பு வீட்டிலிருந்து தெருவுக்கு. இப்போது தெருவிலிருந்து வீட்டுக்கு.

அடுத்த வாரம் பெய்த மழையைப் பற்றி நீ டிவியில் பார்த்திருப்பாய். தெருவில் முழங்கால் தண்ணீர். அதெல்லாம் முறையாக என் வீட்டுக்குள் வந்து, போக வழி தெரியாமல் தங்கிவிட்டது. நான் லாப்டாப்பையும் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு வீட்டிலேயே உயரமான இடத்துக்கு, அதாவது சிம்மாசனத்துக்குப் போனேன். பகல் முழுக்க அங்கே உட்கார்ந்துதான் ஆபீஸ் வேலை பார்த்தேன். கேமராவை அணைத்து வைத்திருந்தேன். ஹாராதன் வந்து வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்தார். "தண்ணி பொய் சொல்லல தீதி. மாஷிமா உட்கார்ந்துட்டாங்க" என்றார். மாடி ஜன்னலிலிருந்து உடனே பதில் வந்தது: "நான் உட்கார்ந்தது முக்காலியில. உன் தலையிலயா உட்கார்ந்தேன்?"

பிறகு தண்ணீரைத் தடுக்கக் கேட்டருகே குறுக்காக ஒரு திண்டு எழுப்பினார். தண்ணீர் நின்றது; சக்கரமும் நிற்குமே. அதனால் திண்டின் இரு பக்கமும் சரிவு போட்டார். தெருப்பக்கத்துச் சரிவு சறுக்கு மரம் போல அமைந்துவிட்டது. தெருப் பையன்கள் சைக்கிளில் வந்து பயிற்சி எடுத்துக்கொண்டார்கள். உள்பக்கத்தில் தாம்பாளம் இருந்த இடம் மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது. நான் வந்தபோது தரையில் நாலு மட்டங்கள் இருந்தன என்றால், இத்தனை உழைப்புக்குப் பிறகு எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒருநாள் மத்தியானம் அந்தச் சரிவின் கீழே நின்றுகொண்டு, நீ இதில் எப்படி ஏறுவாய் என்று பார்த்தேன். யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டும், இன்னொருவர் முன்னால் பிடிக்க வேண்டும். மாஷிமா நாலு பேரைக் கூப்பிடுவார். நாலு பேர் தயாராக வந்துவிடுவார்கள், எல்லாரும் நல்லவர்கள். அந்தக் காட்சி என் கண்ணில் வந்தது. அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்து, இந்த வருஷம் வேண்டாம் அக்கா, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு என்றேன். பூஜைக் கூட்டத்தில் கேன்சல் செய்த டிக்கெட் மறுபடி கிடைக்காது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனிமேல் வருவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு படி.

எங்கள் தெரு க்ளப்பின் பந்தல் இந்த வருஷம் கராஜுக்கு எதிரிலேயே அமைந்தது. ஜனங்கள் வெளியே போகும் வழி சரியாக என் கேட்டை உரசிக்கொண்டு போனது. க்ளப் செயலாளர் பாபு-தா வந்து என் சரிவைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் செய்தார்.

"இது எங்க வழியில இருக்கு மேக்னா. ஒருத்தர் தடுக்கி விழுந்தா பின்னால நூறு பேர் விழுவாங்க."

"இடிச்சுடுங்க பாபு-தா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"பூஜை சமயத்துல போய் இடிக்கறதா? மேல பலகை போட்டு மூடிடலாம். ஆனா பலகையோட அந்த முனை எங்கயாவது உட்காரணுமே."

உள்ளே எட்டிப் பார்த்தார். உட்காரத் தோதாக இருந்தது என் சமையலறைப் படி. மறுநாள் டெக்கரேட்டர் ஆட்கள் வந்தார்கள். இந்த ஊர்ப் பந்தல்காரர்களை உனக்குத் தெரியும். குண்டும் குழியுமான தெருவில் மூங்கிலை நட்டுக் கயிற்றால் கட்டி, அதன்மேல் ஒரு அரண்மனையையே நிறுத்துகிறவர்கள். தெருமுனையிலிருந்து பந்தல் வழியாக என் கேட், என் திண்டு, என் தாம்பாளம் எல்லாவற்றுக்கும் மேலாகப் பலகை போட்டு, பச்சைத் துணி விரித்து, சமையலறை வரை ஒரே மட்டமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். தெருப்பக்கம் படி வைக்கவில்லை. சிலையைச் சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு வர வேண்டும் என்பதால் நீளமாக, மெத்தென்று ஒரு சாய்வு. மிச்சமிருந்த பலகையைப் பாத்ரூம் படிமேலும் சாய்த்து ஆணி அடித்துவிட்டுப் போனார்கள், யாரும் கேட்கவில்லை, சும்மா இருக்கட்டும் என்று. நான் நடுவில் ஒரு தக்காளியை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அக்கா, நான் அந்தப் பச்சைத் துணியில் உட்கார்ந்துவிட்டேன். ரயில்வே இணையதளத்தைத் திறந்தேன். ஒரு இடம்கூட இல்லை. விமானத்தில் உன் நாற்காலியை அவர்கள் போன தடவை என்ன பாடு படுத்தினார்கள் என்பது நினைவுக்கு வந்தது. உனக்குச் சொல்லவும் வாய் வரவில்லை.

பலகை ஓடியதால் கேட்டை மூட முடியவில்லை. அதற்குப் பதிலாகப் பந்தலுக்குத் தொங்கவிட்ட அதே மஞ்சள் துணியைக் கொசுவம் வைத்து எனக்கும் ஒரு திரையாகத் தொங்கவிட்டார்கள். இதில் இன்னொரு சங்கடத்தையும் நான் யோசிக்கவில்லை. இந்த வருஷம் க்ளப் எடுத்துக்கொண்ட தீம் "வீடு". பந்தல் முழுக்கப் பழைய ஜன்னல்கள், கதவுகள், கொடியில் தொங்கும் துணி, ஒரு ஓரமாக அம்மிக்கல். அஷ்டமி சாயங்காலம் நான் தரையில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திரையை விலக்கிக்கொண்டு ஒரு குடும்பம் உள்ளே வந்தது.

"ஓ, இங்க நிஜ ஆளையே உட்கார வெச்சிருக்காங்க" என்றார் அப்பா.

"என்ன சாப்பிடறா?" என்று அம்மா குனிந்து பார்த்தார்.

"தயிரும் சோறும். இது மெட்ராஸ் வீடு. முன்னால பார்த்தது நம்ம வீடு, இது அவங்க வீடு. எல்லா வீடும் ஒண்ணுதான்னு சொல்ல வர்றாங்க."

"மா, அந்த அக்கா நிஜமா?" என்றது குழந்தை.

"தொடக் கூடாது."

என் வாய் நிறைய சாதமும் மாவடுவும். விழுங்கிவிட்டு, எனக்குத் தெரிந்த நல்ல பங்களாவில், "இது என் வீடு" என்றேன்.

"ஆமாமா, அதானே தீம்" என்று அப்பா தலையாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

நான் கூட்டத்தில் முன்னால் நிற்கக் கூசுகிறவள் என்று உனக்குத் தெரியும். அன்று என்னைப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ. பாபு-தாவிடம் ஆள் அனுப்பினேன். அவர் வந்து கூட்டத்தைத் தடுப்பார் என்று பார்த்தால், ஒரு கயிறு கட்டி, வாலண்டியர் ஒருவரை நிறுத்தி, "இடது பக்கமா போய் வலது பக்கமா வாங்க" என்று ஒழுங்குபடுத்தினார். "கொஞ்சம் பொறுத்துக்கோ மேக்னா. பந்தல் போட்டிக்கு நடுவர்கள் வர்ற நேரம். நீ பாட்டுக்குச் சாப்பிடு" என்றார். "சாப்பிட்டாச்சு பாபு-தா." "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோயேன்." நடுவர்கள் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டு கடைசிவரை வரவில்லை. நான் மூன்று தடவை சாதம் போட்டுக்கொண்டேன்.

கூட்டம் குறைந்த ஒரு சமயத்தில் சக்கரச் சத்தம் கேட்டது. பலகைமேல் ஓடுகிற சக்கரத்தின் சத்தம். நான் யோசிப்பதற்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். உன் வயதிருக்கும் ஒரு பெண், சிவப்புக் கரை போட்ட புடவையில், தன் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு திரையைத் தலையால் முட்டி விலக்கிக்கொண்டு வந்தாள். நேராகச் சமையலறை வரை போனாள். ஒரே சுற்றாகத் திரும்பினாள். திரும்பி வந்து என் எதிரே நின்றாள். அவளுடைய அண்ணன் பின்னால் இரண்டு ஐஸ்கிரீமோடு ஓடிவந்தார். அவள் பெயர் பியாலி.

"மத்தியானத்திலேர்ந்து ஏழெட்டு பந்தல் பார்த்தாச்சு" என்றாள். "எல்லாம் வெளியிலேர்ந்துதான். துர்க்கை முகம் தெரியல, ஜனங்க முதுகு தெரிஞ்சுது. இங்கதான் உள்ள வரைக்கும் வந்தேன். உங்க தீம் ரொம்ப நல்லா இருக்கு."

"இது தீம் இல்ல. என் வீடு."

மற்றவர்களைப் போல அவள் தலையாட்டவில்லை. பாத்திரக் கூடையைப் பார்த்தாள், கொடியில் கிடந்த என் துப்பட்டாவைப் பார்த்தாள். "அப்ப பாத்ரூம் இருக்கா?"

"இருக்கு."

"நிஜ பாத்ரூமா?"

மத்தியானத்திலிருந்து ஒரு இடத்திலும் அவளால் போக முடியவில்லையாம். தண்ணீரே குடிக்காமல் சுற்றியிருக்கிறாள். நான் பலகையைக் காட்டினேன். அவள் ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். பந்தலில் டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் நீ இருக்க வேண்டும், கையில் இருப்பது உன் பையாக இருக்க வேண்டும், உள்ளேயிருந்து நீ "ஏண்டி, சோப்பை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று கத்த வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அழுகை வரும் போலிருந்தது. அதற்குள் வாலண்டியர் "நிக்காதீங்க, நகருங்க" என்றான்.

வெளியே வந்ததும் இரண்டு தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பியாலி கேட்டாள்: "நீ நடக்கறியே. உனக்கெதுக்கு இப்படி ஒரு தரை?"

"எங்க அக்காவுக்கு."

"அவ எங்க?"

"திருச்சியில."

"வேலூருக்குப் பக்கமா? எங்க மாமா வைத்தியத்துக்குப் போயிருக்கார். ஏன் அவ வரல?"

"தரை சரியில்லைன்னு நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன்."

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள். அன்று போனில் நான் கேட்ட அதே "சரி".

தசமியன்று சிலை வண்டி ஏறியதும் டெக்கரேட்டர் ஆட்கள் பலகைகளைப் பிடுங்கத் தொடங்கினார்கள். காளி பூஜைக்கு வேறு தெருவுக்குப் போக வேண்டுமாம். மாஷிமா தேங்காய் உருண்டையை என் வாயில் திணித்து, கட்டிக்கொண்டு, "வர்ற வருஷம் மறுபடி" என்றார். எல்லாரும் சொல்கிற வாழ்த்துதான். அதற்குள் பச்சைத் துணி போய்விட்டது, மூங்கில் போய்விட்டது. திண்டும் தாம்பாளமும் சிம்மாசனமும் பழையபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆகவே அக்கா, நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஜனவரியில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும். அப்போது எல்லாவற்றையும் அடிவரை பெயர்த்துவிட்டுப் புதிதாகத் தரை போட்டுத் தருவதாக ஹாராதன் சொல்கிறார். மாஷிமாவும் அன்றைக்கு மாடியை விட்டு இறங்குவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு மழையைப் பார்த்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொண்டு, அதன்பின் நானே எழுதுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள். இவ்வளவு பொறுத்தாய். சரியாகாத இடத்துக்கு உன்னைக் கூப்பிட்டு நாலு பேர் கையில் விட எனக்கு மனசில்லை.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் நமஸ்காரங்கள். அம்மா கேட்டால் வீடு காற்றோட்டமாக இருக்கிறது என்று சொல். லக்ஷ்மித் தாயார் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். பெரியவளான நீ எனக்கு ஆசீர்வாதம் அனுப்ப வேண்டியது முறை, மறந்துவிடாதே.

உன் அன்புத் தங்கை,
மேக்னா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். இந்தத் தரையைப் பற்றி மாஷிமா அபிப்பிராயம் சொல்லியிருக்கிறார், ஹாராதன் சொல்லியிருக்கிறார், பாபு-தா சொல்லியிருக்கிறார், எங்கிருந்தோ வந்து தயிர் சாதத்தைப் படம் பிடித்தவர்கூடச் சொல்லியிருக்கிறார். நீ எங்கும் இல்லை. நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவ்வளவு உயரத்தை நீ தனியாக ஏறுவாய், எந்தச் சரிவு உனக்கு ஒத்துவரும், எதை ஒரு பலகை போட்டுச் சமாளிப்பாய், எதுவும் எனக்குத் தெரியாது. கேட்காமல் தூக்கியவர்கள் நாலு பேர் என்றால் கேட்காமல் வேண்டாம் என்றவள் நான் ஒருத்தி. ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. ஜனவரி வரை காத்திருக்காதே. தரை இருக்கிறபடியே இருக்கிறது. எந்த டிக்கெட் முதலில் கிடைக்கிறதோ அதில் கிளம்பி வா. நீ வந்து இங்கே, இப்படி என்று சொல்லும்வரை ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது என்று இப்போதுதான் ஹாராதனுக்குப் போன் செய்தேன். "லைட்டை அணைச்சுத் தொலை" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து திட்ட ஆள் இல்லாமல் விடிய விடியப் படித்துப் படித்து எனக்குக் கண் வலிக்கிறது.